பிட்ஸ்பர்க்கில் வீடு: எந்தப் பக்கம் குடியேறுவது?

நியூ ஜெர்சியிலோ கலிஃபோர்னியாவிலோ வாடகை கொடுத்துக் களைத்துப் போனவர்கள் பென்சில்வேனியா மாநிலத்தின் பிட்ஸ்பர்க் நகர வீட்டு விலைகளை முதன்முறை பார்க்கும்போது ஏதோ தவறு இருக்கிறது என்றே நினைப்பார்கள். தவறு இல்லை. இந்த நகரத்தில் ஒரு சாதாரண வீட்டின் விலை, நாடு முழுவதற்குமான சராசரியில் மூன்றில் இரண்டு பங்கைக்கூடத் தொடுவதில்லை. நல்ல பல்கலைக்கழகங்கள், பெரிய மருத்துவமனைகள், மூன்று ஆறுகள், காடு போன்ற பூங்காக்கள் என்று எல்லாம் உள்ள ஊரில் வீடு மட்டும் ஏன் மலிவு?

1950இல் இங்கே 6,76,806 பேர் வாழ்ந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் 3,02,971 பேர். ஐம்பதுகளிலிருந்தே மக்கள் புறநகர்களுக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். எண்பதுகளில் எஃகு ஆலைகள் வரிசையாக மூடப்பட்டபோது குடும்பம் குடும்பமாக வெளியேறினார்கள். வீடுகள் அப்படியே நின்றன. இன்றைய மலிவு அங்கிருந்து வந்தது. ஆறே முக்கால் லட்சம் பேருக்காகப் போட்ட சாலை, பாலம், கழிவுநீர்க் குழாய் எல்லாவற்றையும் இன்று மூன்று லட்சம் பேர் வரி கட்டிப் பராமரிக்கிறார்கள். வாங்கப் போகும் வீடும் பெரும்பாலும் எண்பது, நூறு வயதானதாக இருக்கும். விலைச் சீட்டில் குறைந்த தொகை, வரியிலும் பழுதுபார்ப்பிலும் காரிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வருகிறது. எந்தப் பகுதியில் அது எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைத்தான் ஒப்பிட வேண்டும்.

கணக்குக்காக ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். கணவன், மனைவி, ஏழு வயதுக் குழந்தை. ஒருவருக்கு ஓக்லாண்ட் பகுதியில் வேலை. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம், கார்னகி மெலன், யு.பி.எம்.சி.யின் முக்கிய மருத்துவமனைகள் எல்லாம் அங்கேயும் அதன் அருகிலும்தான் இருக்கின்றன, வெளியூரிலிருந்து வருபவர்களில் நிறையப் பேருக்கு வேலையும் அங்கேதான். மற்றவருக்கு வீட்டிலிருந்தே வேலை. இருவர் வருமானமும் சேர்த்து ஆண்டுக்கு 1,10,000 டாலர். வருமானத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல் வீட்டுக்குப் போனால் அதைச் சுமை என்று அமெரிக்க வீட்டுவசதித் துறை கணக்கிடுகிறது. அந்தக் கணக்கில் இவர்களுக்கு மாதம் 2,750 டாலர் எல்லை.

முதல் வழி நகரத்துக்குள்ளேயே இருப்பது. ஓக்லாண்டுக்குக் கிழக்கே ஸ்குவிரல் ஹில். ஃபோர்ப்ஸ், மர்ரே தெருக்கள் சந்திக்கும் இடத்தைச் சுற்றி நூலகம், மளிகை, மருந்துக்கடை, சீன, கொரிய உணவகங்கள் எல்லாம் நடக்கும் தூரத்தில். 61 வரிசை பஸ்கள் ஃபோர்ப்ஸ் வழியாக ஓக்லாண்டுக்கும் அங்கிருந்து டவுன்டவுனுக்கும் போகின்றன. ஒரு பக்கம் ஷென்லி பூங்கா, மறுபக்கம் ஃபிரிக் பூங்கா. குழந்தையைக் கூட்டிக்கொண்டு நடந்தே போய் ஓடை பார்த்துவிட்டு வரலாம். கார் இல்லாத நாளும் முழு நாளாக இருக்கும் இடம் இது. இரண்டு படுக்கையறை வாடகை வீடு சுமார் 1,500 முதல் 2,000 டாலருக்குக் கிடைக்கும். வாங்குவது வேறு விஷயம். ஸ்குவிரல் ஹில்லில் நல்ல தனி வீடு இந்தக் குடும்பத்தின் கைக்கு எட்டாது. ஆனால் அதை ஒட்டித் தெற்கே கிரீன்ஃபீல்ட் இருக்கிறது. செங்குத்தான தெருக்கள், சின்னச் சின்னச் செங்கல் வீடுகள், வாசலில் நின்று பேசும் அண்டை வீட்டார். அங்கே 2,80,000 டாலருக்குக் குடியிருக்கத் தகுந்த வீடு பார்க்க முடியும். குழந்தை வளர்ந்தால் ஸ்குவிரல் ஹில் பிள்ளைகள் போகும் அதே ஆல்டர்டைஸ் உயர்நிலைப் பள்ளிக்குத்தான் போகும்.

நகரத்துக்குள் வராதீர்கள் என்று சொல்பவர்கள் முதலில் காட்டுவது சம்பள வரி. பிட்ஸ்பர்க் நகரவாசிகள் சம்பளத்தில் 3 விழுக்காடு கட்ட வேண்டும்: நகரத்துக்கு 1, பள்ளி மாவட்டத்துக்கு 2. பெரும்பாலான புறநகர்களில் இது 1 விழுக்காடுதான். சில ஊர்களில் கொஞ்சம் கூடுதல். நம் குடும்பத்துக்கு நகரத்தில் 3,300 டாலர், புறநகரில் 1,100. வித்தியாசம் ஆண்டுக்கு 2,200, அதாவது மாதம் சுமார் 183 டாலர். பெரிய தொகைதான். மாதாமாதம் சம்பளச் சீட்டில் கண்ணில் படுவதால் இன்னும் பெரிதாகத் தெரியும்.

இப்போது காரைப் பாருங்கள். புதுக் கார் ஒன்றை வைத்து ஓட்ட ஆண்டுக்குச் சராசரியாக 12,297 டாலர் ஆகிறது என்று ஏ.ஏ.ஏ. என்ற கார் ஓட்டுநர் அமைப்பு 2024இல் கணக்கிட்டது. தேய்மானம், காப்பீடு, எரிபொருள், பராமரிப்பு, கடன் வட்டி எல்லாம் சேர்த்து. பழைய கார் வாங்கிப் பாதிச் செலவில் சமாளித்தாலும் மாதம் 500 டாலர். ஸ்குவிரல் ஹில்லிலும் கிரீன்ஃபீல்டிலும் இந்தக் குடும்பம் ஒரே காரோடு வாழலாம். தொலைவான புறநகர்களான மன்ரோவில்லிலோ கிரான்பெரியிலோ முடியாது. சம்பள வரியில் 183 டாலர் மிச்சம் பிடிக்கப் போய், இரண்டாவது காருக்கு 500 டாலர் கொடுக்கிற கணக்கைப் பலர் போட்டே பார்ப்பதில்லை. என் மனதில் தராசை நகரத்தின் பக்கம் சாய்த்தது இந்த ஒரு கணக்குதான்.

நகரத்துக்கு எதிரான வாதங்களும் உண்டு, அவற்றை மறைக்கக் கூடாது. வீடு கைமாறும்போது கட்டும் வரி நகரத்தில் மொத்தம் 5 விழுக்காடு. வாங்குபவரும் விற்பவரும் பாதிப் பாதி போடுவது வழக்கம். 2,80,000 டாலர் வீட்டில் உங்கள் பங்கு 7,000. பெரும்பாலான புறநகர்களில் 2 விழுக்காடு, பங்கு 2,800. இரண்டு மூன்று ஆண்டுகளில் ஊரை விட்டுப் போக வாய்ப்பிருந்தால், நகரத்தில் வீடு வாங்கவே வேண்டாம். விற்கும்போதும் இதே வரியில் பாதி உங்கள் தலையில்தான். அப்புறம் பள்ளி. நகரப் பள்ளிகள் இடத்துக்கு இடம் மாறும். மாணவர் எண்ணிக்கை குறைவதால் சில பள்ளிகளை மூடி இணைப்பது பற்றிய பேச்சும் நடந்து வருகிறது. ‘பிட்ஸ்பர்க் பிராமிஸ்’ கல்லூரி உதவித்தொகை கிடைக்கும் என்று யாராவது சொன்னால், 2008இல் தொடங்கிய அந்தத் திட்டம் 2028இல் பள்ளி முடிப்பவர்களோடு நிற்கப் போவதாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. ஏழு வயதுக் குழந்தைக்கு அதை எண்ணிக் கணக்குப் போட முடியாது.

இரண்டாவது வழி தெற்கே, ‘டி’ என்று எல்லோரும் அழைக்கும் லைட் ரயில் போகும் பாதை. பீச்வியூ, டார்மான்ட், மவுண்ட் லெபனான். பீச்வியூ நகர எல்லைக்குள்ளேயே இருக்கிறது. மற்ற இரண்டும் புறநகர் என்றாலும் பழைய பாணி ஊர்கள். கடைத்தெரு, நடைபாதை, நிலையத்துக்கு நடை. மவுண்ட் லெபனான் பள்ளிகளுக்கு மாநிலம் முழுக்கப் பெயர். ஆனால் அந்தப் பெயருக்கு விலை உண்டு. அங்கே பள்ளிக்கான சொத்து வரி மட்டுமே, பிட்ஸ்பர்க் நகரத்துக்குள் எல்லாம் சேர்த்துக் கட்டும் சொத்து வரியை ஏறக்குறைய எட்டிவிடும். 4,00,000 டாலர் வீட்டுக்கு 20 விழுக்காடு முன்பணம் போட்டு, 6.5 விழுக்காடு வட்டியில் முப்பது ஆண்டுக் கடன் எடுத்தால் தவணை 2,023 டாலர். சொத்து வரி மாதம் 600க்கு மேல், காப்பீடு நூற்றிச் சொச்சம். பழுதுபார்க்க ஒரு டாலர்கூட ஒதுக்காமலே நம் எல்லையைத் தொட்டுவிடும். இரண்டு மூன்று பிள்ளைகள் இருந்து, எல்லோரையும் பள்ளி முடியும்வரை அங்கேயே படிக்க வைப்பதாக இருந்தால் இது நியாயமான செலவு. ஒரு குழந்தைக்கு எனக்குக் கட்டுப்படியாகத் தோன்றவில்லை.

டார்மான்ட் வேறு. பள்ளி மாவட்டம் கீஸ்டோன் ஓக்ஸ், விலை மவுண்ட் லெபனானைவிடக் கணிசமாகக் குறைவு. பொட்டோமாக் தெருக் கடைகள், கோடையில் ஊரே கூடும் பெரிய பொது நீச்சல் குளம். ஒரே குறை, ரயில் டவுன்டவுனுக்குப் போகும், ஓக்லாண்டுக்குப் போகாது. டவுன்டவுனில் இறங்கி பஸ் மாற வேண்டும். குளிர்காலத்தில் அந்த மாற்றம் தினமும் உறுத்தும். வேலை டவுன்டவுனில் இருப்பவருக்கு என் முதல் பரிந்துரை டார்மான்ட்தான், ஓக்லாண்டில் இருப்பவருக்கு இல்லை. பொதுப் போக்குவரத்தை நம்பி வீடு தேடுபவர்கள் இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும்: 2025இல் நிதிப் பற்றாக்குறையால் சேவையில் 35 விழுக்காடுவரை வெட்டப்படலாம் என்று போக்குவரத்து நிறுவனம் அறிவித்தது. கட்டுமானத்துக்கும் வண்டிகளுக்கும் என ஒதுக்கிய மூலதன நிதியை அன்றாடச் செலவுக்குப் பயன்படுத்த மாநிலம் அனுமதித்ததால் அது தள்ளிப்போயிருக்கிறது, தீர்ந்துவிடவில்லை. அதனால் ஒரே ஒரு தடத்தை மட்டும் நம்பிய தெருவைவிட, பல பஸ்கள் போகும் தெருவே பாதுகாப்பு.

மூன்றாவது, கிழக்குப் பக்கம். பென் ஹில்ஸ், மன்ரோவில். தமிழ்க் குடும்பங்கள் பலருக்கு இந்தப் பெயர்கள் ஏற்கெனவே தெரிந்திருக்கும். எழுபதுகளில் பென் ஹில்ஸ் குன்றின்மேல் எழுந்த வெங்கடேசுவரர் கோயில் அமெரிக்காவின் மிகப் பழைய இந்துக் கோயில்களில் ஒன்று. பக்கத்து மாநிலங்களிலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். கோயிலைச் சுற்றி வீடு பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்குப் புரிகிறது. புது ஊரில் நம்மைப் போல் பேசுகிறவர்கள் பக்கத்தில் இருப்பது சின்ன விஷயம் இல்லை, முதல் குளிர்காலத்தில் குறிப்பாக. ஆனாலும் வார இறுதியில் போகும் இடம் வேறு, வாரத்தில் ஐந்து நாள் போகும் இடம் வேறு. மன்ரோவில்லிலிருந்து ஓக்லாண்டுக்கு பார்க்வே ஈஸ்ட் நெடுஞ்சாலையில் வர வேண்டும். 1953இல் திறந்த ஸ்குவிரல் ஹில் சுரங்கப்பாதை வாயிலில் வண்டிகள் தினமும் காலையும் மாலையும் தேங்கி நிற்கும். ஸ்குவிரல் ஹில்லிலிருந்து கோயிலுக்கு ஞாயிறு காலை எதிர்த்திசையில் அரை மணி நேரத்தில் போய்விடலாம். பென் ஹில்ஸ் வீடுகள் மலிவாக இருப்பதற்கும் காரணம் உண்டு. புதிய பள்ளிக் கட்டடங்களுக்காக வாங்கிய கடன் அந்தப் பள்ளி மாவட்டத்தை நிதி நெருக்கடியில் தள்ளியது, சொத்து வரியும் ஏறியது. வீட்டு விலையில் தெரியும் சலுகையின் ஒரு பகுதியை வரியாகக் கட்ட வேண்டியிருக்கும்.

நான்காவது, வடக்கே பட்லர் மாவட்டத்தில் கிரான்பெரி. இரண்டு நெடுஞ்சாலைகள் சந்திக்கும் இடம், புது வீடுகள், பெரிய கடைகள், நல்ல பள்ளிகள். வெஸ்டிங்ஹவுஸ் அணுசக்தி நிறுவனம் அங்கே இருக்கிறது. அங்கே வேலை என்றால் யோசிக்கவே வேண்டாம், அங்கேயே இருங்கள். ஓக்லாண்டில் வேலை என்றால் இந்த வழியை நான் முதலிலேயே அடித்துவிடுவேன்.

பஸ்ஸுக்கென்றே போட்ட தனிச்சாலையை ஒட்டிய ஸ்விஸ்வேல், எட்ஜ்வுட், ரீஜன்ட் ஸ்குவேர் பகுதியையும் சொல்லியாக வேண்டும். 1983இல் திறந்த ஈஸ்ட் பஸ்வேயில் நெரிசலே கிடையாது, பி3 பஸ் நேரே ஓக்லாண்டுக்குப் போகும். ரீஜன்ட் ஸ்குவேர் என்ற ஒரே குடியிருப்புப் பகுதி பிட்ஸ்பர்க், எட்ஜ்வுட், ஸ்விஸ்வேல், வில்கின்ஸ்பர்க் என்று நான்கு ஊராட்சிகளில் கிடக்கிறது. அடுத்தடுத்த தெருவில் வரியும் பள்ளியும் மாறும். குழந்தை இல்லாத தம்பதிக்கோ பள்ளி வயது தாண்டியவர்களுக்கோ எட்ஜ்வுட், ஸ்விஸ்வேல் பக்கம் அருமையான தேர்வு. நம் குடும்பத்துக்கு அங்குள்ள உட்லண்ட் ஹில்ஸ் பள்ளி மாவட்டம் தயக்கம் தருகிறது. நகர எல்லைக்குள் விழும் தெருக்களை மட்டும் பார்க்கலாம்.

எந்தப் பகுதியானாலும், வீட்டு விளம்பரத்தில் காட்டும் சொத்து வரியை நம்பி முடிவெடுக்காதீர்கள். பிட்ஸ்பர்க் இருக்கும் அலெகேனி மாவட்டத்தில் வீடுகளின் மதிப்பு இன்னும் 2012 ஆண்டு அடிப்படையில்தான் பதிவாகியிருக்கிறது. நீங்கள் புதிதாக வாங்கியதும் பள்ளி மாவட்டமோ ஊராட்சியோ முறையீடு செய்து உங்கள் வீட்டின் மதிப்பை மட்டும் உயர்த்தக் கேட்கலாம். அதே அளவு வீட்டில் இருபது ஆண்டாக இருக்கும் அடுத்த வீட்டுக்காரர் பழைய மதிப்பிலேயே கட்டிக்கொண்டிருப்பார். அநியாயமான முறை, பல ஆண்டுகளாக ‘புதிதாக வருபவர் மீதான வரி’ என்றே இதை இங்கே சொல்கிறார்கள். பாதுகாப்பாகக் கணக்கிட, வாங்கும் விலையில் பாதியை வரி மதிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். நகரத்துக்குள் ஆயிரம் டாலர் மதிப்புக்கு ஆண்டுக்கு 25 டாலருக்கு மேல். 2025இல் மாவட்டத்தின் பங்கு மட்டும் ஒரே அடியாக 36 விழுக்காடு உயர்ந்தது, இனியும் ஏறும் என்று வைத்துத்தான் திட்டமிட வேண்டும்.

இதையெல்லாம் போட்டு கிரீன்ஃபீல்ட் வீட்டைப் பார்ப்போம். 2,80,000இல் 56,000 முன்பணம். மீதி 2,24,000க்கு அதே 6.5 விழுக்காடு வட்டியில் தவணை 1,416 டாலர். சொத்து வரி சுமார் 300, காப்பீடு 120. பழைய வீடு என்பதால் பழுதுபார்க்க மாதம் 350 கண்டிப்பாக ஒதுக்க வேண்டும். கிட்டத்தட்ட 2,190. சம்பள வரியின் கூடுதல் 183ஐச் சேர்த்தாலும் 2,400க்குள் நிற்கிறது.

அந்த 350ஐ யாரும் குறைக்க வேண்டாம். இந்த ஊரின் பழைய வீடு அழகானது. வண்ணக் கண்ணாடி ஜன்னல், ஓக் மரப் படிக்கட்டு எல்லாம் இருக்கும். பேஸ்மென்ட்டில்தான் உண்மை தெரியும். வழக்கமான இன்ஸ்பெக்ஷனோடு நிற்காமல், வீட்டிலிருந்து தெருவுக்குப் போகும் கழிவுநீர்க் குழாயைக் கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய சுட்டமண் குழாய்களில் மரவேர் புகுந்து உடைந்திருந்தால் மாற்றும் செலவு பல ஆயிரம் டாலர், அது வீட்டுக்காரர் பொறுப்பு. நிலத்திலிருந்து கசியும் கதிரியக்க வாயுவான ரேடானுக்குச் சோதனை அவசியம். மேற்குப் பென்சில்வேனியாவில் அது சாதாரணம், லிட்டருக்கு 4 பிகோகியூரி அளவை எட்டினால் வெளியேற்றும் குழாய் பொருத்த வேண்டும். ஈயக் குழாய் இருக்கிறதா என்று பாருங்கள்: 2016இல் நகரக் குடிநீரில் ஈயம் அரசு வரம்பைத் தாண்டியது, அதன்பின் ஆயிரக்கணக்கான இணைப்புகளை மாற்றியிருக்கிறார்கள், ஆனால் உங்கள் வீட்டு இணைப்பு மாற்றப்பட்டதா என்பதுதான் கேள்வி.

நிலத்துக்குக் கீழேயும் பார்க்க வேண்டிய ஊர் இது. நூறாண்டுக்கு மேல் நிலக்கரி தோண்டியதால் பல வீடுகளுக்கு அடியில் காலிச் சுரங்கம். அது அமிழ்ந்தால் சாதாரண வீட்டுக் காப்பீடு ஒன்றும் தராது. மாநில அரசே தனியாக ஒரு காப்பீடு நடத்துகிறது, கட்டணம் குறைவு, வரைபடத்தில் உங்கள் முகவரி சுரங்கத்தின் மேல் வந்தால் எடுத்துவிடுங்கள். மண்சரிவுக்கும் சாதாரணக் காப்பீடு உதவாது. கிரீன்ஃபீல்ட் மாதிரி சரிவான இடத்தில் பின்பக்கத் தாங்குசுவர் வெளியே தள்ளியிருக்கிறதா என்று கண்ணால் பார்க்காமல் விலை பேசக் கூடாது. தாங்குசுவர் கெட்ட வீட்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் வாங்க மாட்டேன்.

காற்றைப் பற்றி யாரும் வீடு காட்டும்போது சொல்வதில்லை. நகரத்துக்குத் தெற்கே மொனங்ககேலா ஆற்றங்கரையில் கிளேர்டன் நகரில் எஃகு ஆலைகளுக்காக நிலக்கரியைச் சுட்டுக் கோக் கரியாக்கும், நாட்டின் மிகப் பெரிய கோக் ஆலை இயங்குகிறது. குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கில் அடைபட்டு நிற்கும் காலைகளில் அழுகிய முட்டை நாற்றம் ஆற்றோடு மேலே வந்து கிரீன்ஃபீல்ட், ஸ்குவிரல் ஹில், ஸ்விஸ்வேல் எல்லாம் எட்டும். 2018 டிசம்பரில் அங்கே பெரிய தீ. 2025 ஆகஸ்டில் வெடிவிபத்து, இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். ஆலையை ஒட்டி வாழ்பவர்களின் துன்பத்தோடு ஒப்பிட்டால் நகரத்துக்கு வருவது கொஞ்சம்தான். ஆனால் குழந்தைக்கு ஆஸ்துமா இருந்தால் என் மொத்தக் கணக்கும் மாறிவிடும். அப்போது ஆலையிலிருந்து தள்ளி வடக்குப் பக்கமே போகச் சொல்வேன், இரண்டாவது காருக்கான செலவோடு சேர்த்து. கார்னகி மெலன் ஆய்வகம் உருவாக்கிய ‘ஸ்மெல் பிஜிஹெச்’ செயலியில் மக்கள் நாற்றத்தைப் பதிவு செய்கிறார்கள். நீங்கள் பார்க்கும் தெருவில் கடந்த குளிர்காலப் பதிவுகள் எப்படி என்று அதில் பார்த்துக்கொள்ளலாம்.

என் முடிவு இது. முதல் ஆண்டு ஸ்குவிரல் ஹில்லில் வாடகை, பஸ் தடத்திலிருந்து நடக்கும் தூரத்தில், ஒரே காரோடு. வாடகையோடு போனால் பணம் வீண் என்று சொல்வார்கள், கேட்காதீர்கள். வாங்கிவிட்டு ஓராண்டில் பிடிக்காமல் விற்றால், கைமாற்று வரியும் ஏஜென்ட் கமிஷனும் ஓராண்டு வாடகையின் பெரும்பகுதியைத் தின்றுவிடும். இங்கே பெரிய மருத்துவமனை வேலையை விட்டால் அதே அளவு வேறு வேலை கிடைப்பதும் சுலபமில்லை, அதனால் வேலை நிலைக்குமா என்று பார்க்கவும் அந்த ஓராண்டு வேண்டும். நவம்பரிலிருந்து மார்ச்வரை சூரியனே தலைகாட்டாத ஊர் உங்களுக்கு ஒத்துவருகிறதா என்பதும் அதற்குள் தெரிந்துவிடும்.

ஒத்துவந்தால் இரண்டாம் ஆண்டு கிரீன்ஃபீல்டில் தேடுங்கள். பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல்வரை, பனி உருகி மழையும் சேர்ந்து பெய்யும் வாரங்களில் வீடு பாருங்கள். மழை நின்ற மறுநாள் காலையிலேயே போய் நேரே பேஸ்மென்ட்டுக்கு இறங்குங்கள்.